பூசணி பூக்கிறது, ஏன் காய்க்கவில்லை? கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): அண்ணே, தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால் போட்ட பூசணி நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஒரு பிஞ்சுகூட இல்லை.

பதில்: உதிர்வது ஆண் பூ தங்கச்சி, அது உதிரத்தான் செய்யும். கொடியில் முதலில் ஆண் பூதான் வரும், பெண் பூ பிந்தித்தான் தலைகாட்டும். பூவின் அடியைப் பாருங்கள்: வெறும் நீளக் காம்பு என்றால் ஆண், இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் குட்டிப் பூசணி இருந்தால் பெண். அதுவரை ஆண் பூவைப் பறித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டிச் சாப்பிடுங்கள், வீணாக்க வேண்டாம்.

கேள்வி (மஸ்கெலியா): எனக்குப் பிஞ்சு வருகிறது, பெருக்கிறதுக்குள் மஞ்சளித்து விழுகிறது. யூரியா போடவா?

பதில்: யூரியா வேண்டவே வேண்டாம் தம்பி, இலையும் கொடியும்தான் காடாகும். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பூ விடியற்காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும், அந்த ஒரு காலையில் மழையும் பனிமூட்டமுமாக இருந்தால் தேனீ வராது, பூசணி மகரந்தமோ பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. அதனால் நீங்களே செய்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழைப் பிய்த்தெறிந்துவிட்டு, நடுவில் மஞ்சள் மாவு பூசினாற்போல் நிற்கும் தண்டைப் பெண் பூவின் நடுக்குமிழில் தேயுங்கள். குமிழ் மடல் மடலாகப் பிரிந்திருக்கும், எல்லா மடலிலும் படவேண்டும், ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். தேய்த்த பிறகு மழை வரும்போல் இருந்தால் பூவின் வாயை நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): எங்களுக்கு வருமா?

பதில்: பூசணிக்குச் சூடு வேண்டும், பதுளைப் பக்கம் அதற்குச் சரி. உங்கள் 1,868 மீட்டர் உயரத்தில் சுக்கினி (பூசணி இனத்து நீளக் காய்) போடுங்கள், ஜனவரி, பெப்ரவரி உறைபனியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், ஒரே இரவில் கருகிவிடும்.

கேள்வி (பண்டாரவளை): காயை வெட்டினால் உள்ளே புழு.

பதில்: பழ ஈயின் வேலை. பிஞ்சிலேயே குத்தி முட்டையிடும், குத்தின இடத்தில் பிசின் வடிந்திருக்கும் பாருங்கள். பூ வாடியதும் பிஞ்சுக்குக் கடதாசிப் பை போடுங்கள். புழு விழுந்த காயை எருக்குழியில் போட்டால் நீங்களே ஈ வளர்த்த மாதிரி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

கேள்வி (அப்புத்தளை): பக்கத்து வீட்டில் வேறு ஜாதிப் பூசணி. கலந்து என் காய் ருசி மாறுமா அண்ணே?

பதில்: இந்தக் காய் மாறாது அக்கா. கலப்பு விதைக்குள்தான் போகும், அந்த விதையை அடுத்த போகம் போட்டால்தான் தெரியும். ஆனால் எந்தக் காயாவது நாக்கில் கசந்தால் கறி வைக்காதீர்கள், அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும்.