சொந்தப் பாடல்களோடு தொடங்கும் குழுவுக்கு: கேள்வி பதில்

தருமபுரியில் ஆறு ஆண்டுகள் ஒரு நால்வர் குழுவில் பேஸ் கிதார் வாசித்தேன். சொந்தப் பாப் பாடல்களோடு தொடங்கும் இளைஞர்கள் கேட்டவற்றுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: எங்களிடம் 40,000 ரூபாய் இருக்கிறது. முதல் பாடலைப் பெங்களூரு ஸ்டுடியோவில் பதிவு செய்யலாமா?

டிரம்ஸுக்கும் மிக்ஸிங்குக்கும் மட்டும் ஸ்டுடியோவுக்குப் போங்கள். குரலையும் கிதாரையும் வீட்டிலேயே பதிவு செய்யலாம். மைக்கின் விலையைவிட அறைதான் முக்கியம் என்பதை நாங்கள் ஒரு புளிக் கிடங்கில் கற்றுக்கொண்டோம். மாசி, பங்குனியில் மூட்டைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தபோது அங்கே பதிவு செய்த குரல், காதருகே பேசுவதுபோல எதிரொலி இல்லாமல் இருந்தது. ஆடி மாதத்தில் சரக்கு விற்றுத் தீர்ந்தபின் அதே மைக்கில் அதே பாடகர் பாடியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. உங்களுக்குப் புளி மூட்டை கிடைக்காவிட்டால், பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலும் இருபுறமும் இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்துங்கள்.

ஓசூரிலிருந்து: வரிகள் என்னுடையவை, மெட்டு கீபோர்டு வாசிப்பவருடையது, பதிவுச் செலவு டிரம்மருடையது. பாடல் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியைக் குழு பிரியும்போது கேட்காமல் இப்போதே கேட்டதற்கு மகிழ்ச்சி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி உரிமைகள். வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், வரிகள் எழுதியவருக்கும் மெட்டு இசையமைத்தவருக்கும் உரியவை. ஒலிப்பதிவோ, அதை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்த தயாரிப்பாளருக்கு உரியது. ஆகவே உங்கள் டிரம்மர் பணத்தை மட்டும் கொடுத்தாரா, பதிவையே முன்னின்று நடத்தினாரா என்பதை எழுதி வையுங்கள். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அவரிடம் விட்டுக்கொடுக்க முடியாது.

எங்கள் இரண்டாவது பாடலுக்குச் செலவு செய்த ஒருவர் நீட்டிய ஒரு பக்கத் தாளில், தேநீர் ஆறுவதற்குள் நால்வரும் கையெழுத்திட்டோம். அதில் ஒலிப்பதிவு முழுவதும் அவருக்கே என்றிருந்ததை, மூன்று ஆண்டுகள் கழித்து அதே பதிவை எங்கள் ஆல்பத்தில் சேர்க்க முயன்றபோதுதான் படித்தோம்.

ஊத்தங்கரையிலிருந்து: பெயர் பரவுவதற்காகப் புதிய சினிமாப் பாடல் ஒன்றைக் கவர் செய்து, அதாவது நாங்களே மீண்டும் பாடிப் பதிவு செய்து, வெளியிடலாமா?

உரிமையாளரின் அனுமதி இருந்தால் செய்யலாம். அனுமதியின்றிச் சட்டம் வழியே உரிமம் பெறுவதென்றால், மூலப்பாடல் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். மேலும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைச் செலுத்த வேண்டும். சிறு குழுவுக்கு இது கட்டுப்படியாகாது. யூடியூபில் அப்படியே ஏற்றினால், அதன் அடையாள முறை மெட்டைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடக்கூடும்.

அரூரிலிருந்து: ஸ்பாட்டிஃபையில் எப்போது பணம் வரும்?

2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாடலுக்கே அங்கே ஒலிப்பதிவு ராயல்டி கணக்காகிறது. முதல் ஆண்டில் அந்தத் தொகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: கோயில் திருவிழாவில் எங்கள் பாடல்களை யார் கேட்பார்கள்? பெங்களூரு பப்புகளுக்கே போய்விடலாமா?

இரண்டுக்கும் போங்கள், ஆனால் திருவிழாவை இளப்பமாக நினைக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த மூன்று பாடல்கள் முடிந்து கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, அறிவிப்பு எதுவும் செய்யாமல் எங்கள் பாடலைத் தொடங்கிவிடுவோம். பல்லவி இரண்டாம் முறை வரும்போது முன்வரிசைச் சிறுவர்கள் கூடப் பாடினால், அந்தப் பாடலைத்தான் அடுத்துப் பதிவு செய்வோம். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு என்பதால், உங்கள் பாடல்களைக் கடைசியில் வைக்காதீர்கள். ஜெனரேட்டரில் வாசிக்கும்போது கிதார் ஆம்ப்ளிஃபயர் இரைந்தால், வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் என்று காத்திராமல் எர்த் இணைப்பை மைக்செட்காரரிடம் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பாடகருக்கு உதட்டில் ஷாக் அடித்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம்.