உறுப்பினராகச் சேர்ந்து பணம் கட்டியும் ஆண்டுக் கண்காட்சியில் என் 3 படங்களையும் தள்ளிவிட்டார்கள். ஓவியர் சங்கத்தில் தொடரலாமா?

தொடருங்கள். ஆனால் அடுத்த வருடம் தேர்வு நடக்கிற அன்று, படம் தூக்கிக் காட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் கொங்குப் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொன்னால் எந்தச் சங்கம் என்று தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். பகலில் ஜவுளிக் கம்பெனியில் கணக்கு, ராத்திரியில் வாட்டர்கலர். சங்கத்தில் சேர்ந்து 12 வருடம் ஆகிறது. முதல் 3 வருடமும் எனக்கு ரிஜெக்ட்தான். அதிலும் முதல் வருடம் நடந்தது கொஞ்சம் அவமானம். பணம் கட்டிய உறுப்பினர், படத்தை மாட்டாமலா போய்விடுவார்கள் என்ற நினைப்பில் சொந்தக்காரர்கள் எல்லாரையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டேன். மாமா ஒருவர் ரயில் டிக்கெட்டே போட்டுவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் படித்தேன். என் பெயர் இல்லை. மாமா வந்தார், மற்றவர்கள் படத்தையெல்லாம் பார்த்தார், காபி குடித்தார், போனார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நாலாவது வருடம் செயலாளர் போன் பண்ணி, "தேர்வுக்குப் படம் தூக்கித் தர ஆள் இல்லைங்க, வர முடியுமா?" என்று கேட்டார். போனேன். 3 வருடக் கோபம் ஒரே காலையில் வடிந்துவிட்டது. நியாயமாக நடந்தது என்பதால் இல்லை. எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்ததால்.

எங்கள் கண்காட்சி ஆடி மாதம்தான் நடக்கும். கலைக்கும் ஆடிக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் பாதி வாடகைக்குக் கிடைக்கும். சுவரில் ஆணி அடிக்க மண்டபக்காரர் விடமாட்டார். அதனால் பந்தல்காரரிடம் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை 30 வாடகைக்கு எடுத்து நிறுத்துவோம். ஒரு பக்கத்துக்கு 2 படம். சுவரை ஒட்டி நிற்கிற 8 பலகைக்கு ஒரு பக்கம்தான் உபயோகம். கணக்குப் போட்டால் 104 இடம். அந்த வருடம் வந்த படங்கள் 290. அதாவது ஜூரி, படங்களைத் தேர்ந்தெடுக்கிற நடுவர்கள், வந்து உட்காருவதற்கு முன்பே 186 படம் வெளியே போவது முடிவாகிவிட்டது. அந்த வேலையைச் செய்தது பிளைவுட். என் 3 வருடத் தூக்கமின்மைக்குப் பின்னால் இந்தக் கூட்டல் கழித்தல் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கணக்கு எழுதுகிற ஆள் வேறு!

ஜூரி 3 பேர். ஒருவர் ஓவியர், ஒருவர் சிற்பி, இன்னொருவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். 290 படத்தையும் இரண்டரை மணி நேரத்தில் பார்த்தார்கள், நடுவில் டீ உட்பட. ஒரு படத்துக்கு அரை நிமிடம். நான் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூல் மேல் வைத்துப் பிடித்துக்கொள்வேன். "உள்ளே", "வெளியே", "பாக்கலாம்" என்று மூன்றில் ஒன்று சொல்வார்கள். "பாக்கலாம்" தனியாகச் சுவரோரம் போகும். மிச்சம் இருக்கிற இடத்துக்குக் கடைசியில் அதிலிருந்து பொறுக்குவார்கள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், லண்டனில் ஓவியர்களின் பழைய சங்கமான ராயல் அகாடமியிலும் வழி வழியாக இதே முறைதானாம். தள்ளியதற்குச் சாக்கட்டியில் எக்ஸ், சந்தேகத்துக்கு டி. 1769-இல் தொடங்கி வருடம் தவறாமல் நடக்கிற கண்காட்சி அது. எங்களிடம் சாக்கட்டிக்குப் பதில் செயலாளரின் நோட்டு.

அன்று காலை வந்ததில் கோபுரம் மட்டும் 23. சுருக்கம் விழுந்த பாட்டி முகம் 14. (தண்டட்டி போட்ட பாட்டி, வெற்றிலை இடிக்கிற பாட்டி, தாடையில் கை வைத்த பாட்டி.) முதல் 2 பாட்டிகளை 3 பேரும் எழுந்து கிட்ட வந்து பார்த்தார்கள். ஏழாவது பாட்டிக்கு யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பத்தாவது பாட்டி, என் கண்ணுக்கு, எல்லாரையும்விட நல்ல வேலை. கண்ணுக்குக் கீழே தோல் தொங்குகிற இடத்தில் லேசாக ஒரு பச்சை போட்டிருந்தார், அந்த ஒரு இடத்திலேயே பாட்டி உயிரோடு இருந்தாள். "வெளியே" போனாள். அதை வரைந்த அம்மையார் யாரென்று எனக்குத் தெரியும். வீட்டில் போய் என்ன யோசித்திருப்பார்? தனக்கு முகம் வரைய வரவில்லை என்றுதானே? முன்னால் 9 பாட்டிகள் போயிருந்தார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

வேறு காரணங்களும் கண்ணில் பட்டன, எல்லாம் சில்லறைக் காரணங்கள். ஒருவர் ஆயில் பெயிண்ட் காய்வதற்கு முன்பே செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்தால், மேகத்தின் மேல் ராசிபலன் கண்ணாடி எழுத்தில் பதிந்திருந்தது. சிற்பி கழுத்தைச் சாய்த்துத் தன் ராசியைத் தேடினார். சார்கோல் படம் ஒன்றுக்குக் கரி உதிராமல் பிடிக்கிற ஃபிக்ஸேடிவ் அடிக்கவில்லை, என் சட்டையெல்லாம் கரி. பின்பக்கம் மாட்டுவதற்கான டி-ரிங் வளையம் இல்லாமல், கம்பி இல்லாமல், நூல் கட்டி வந்தவை எத்தனையோ. நூல் கட்டிய படத்தை நிறைய சங்கங்களில் ஜூரி வரைக்கும் கொண்டுபோகவே மாட்டார்கள். நடுராத்திரி அறுந்து கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு?

கடைசியில் என் படம் வந்தது. முகத்தை எதிலும் காட்டிக்கொள்ளாமல் ஸ்டூலில் வைத்தேன். டிராயிங் மாஸ்டர் முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார். "தம்பி, இதுல டியூப்லைட்டும் என் மூஞ்சியுந்தான் தெரியுது" என்றார். கண்ணாடி! சந்தைக்கடைப் பளபளப்புக் கண்ணாடி, அதற்குள் இருண்ட வாட்டர்கலர். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். "பாக்கலாம்" என்றார்கள், பிறகு அதுவும் "வெளியே" ஆனது. அடுத்த வருடம் அதே படத்தை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையை அகலமாக வெட்டி, பளபளக்காத அக்ரிலிக் ஷீட் போட்டுக் கொடுத்தேன். ஜூரியும் வேறு ஆட்கள். உள்ளே போனது மட்டுமில்லை, விற்றும் போனது. படம் முந்தின வருடம் மோசமாக இருந்து இந்த வருடம் நன்றாகிவிட்டதா என்ன?

ஜூரி என்றாலே எனக்கு நினைவுக்கு வருகிற கதை ஒன்று. 1830-இல் ராயல் அகாடமியின் தேர்வுக் குழுவில் ஜான் கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்கிறார். இங்கிலாந்தின் பெரிய நிலக்காட்சி ஓவியர். முந்தின வருடம்தான் முழு உறுப்பினராக ஆகியிருந்தார். உறுப்பினர் படங்களுக்கு அங்கே தேர்வு கிடையாது, நேராகச் சுவருக்குப் போகும். ஆனால் சால்ஸ்பரி பக்கத்துப் புல்வெளியை அவர் வரைந்த படம் தவறுதலாக வெளியாட்கள் படங்களோடு கலந்துவிட்டது. யார் படம் என்று தெரியாமல் கூட இருந்தவர்கள், ஒரே பச்சை, சகிக்கவில்லை என்கிற மாதிரி பேசித் தள்ளிவிட்டார்கள். கான்ஸ்டபிள் வாயைத் திறக்கவில்லை. உண்மை தெரிந்ததும் பதறிப்போய் மாட்டுகிறோம் என்றார்களாம், வெளியே போனது போனதுதான் என்று சொல்லிவிட்டாராம். அந்தப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் மறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும், பெயருக்குத்தான் மதிப்பு என்று புலம்புகிறவர்களுக்கும் இந்த ஒரே கதையைச் சொல்லலாம், இரண்டு பேருமே தங்கள் கட்சிக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

சரி, ஜூரியே வேண்டாம், பணம் கட்டினவர் எல்லார் படத்தையும் மாட்டலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1917-இல் நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர்கள் சங்கம் 6 டாலர் கட்டினால் போதும், ஜூரி இல்லை, பரிசு இல்லை என்று அறிவித்தது. யாரை எங்கே மாட்டுவது என்ற சண்டையே வராமல் இருக்க அகர வரிசைப்படி மாட்டினார்கள். பிரெஞ்சு ஓவியர் மார்செல் டூஷாம்ப் அந்தச் சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவர். அவரே ஆர். மட் என்ற பொய்ப் பெயரில் ஒரு பீங்கான் மூத்திரத் தொட்டியை அனுப்பி வைத்தார். ஜூரி இல்லாத சங்கம் அவசரமாகக் கூடி, இது கலையே இல்லை என்று முடிவு செய்து ஒதுக்கிவிட்டது. டூஷாம்ப் ராஜினாமா செய்தார். ஜூரி வேண்டாம் என்று எழுதி வைத்த சங்கத்திலேயே ஒரு தொட்டி வந்ததும் ஜூரி முளைத்துவிட்டது.

எங்கள் சங்கத்தில் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு வருடம் பரிசு 4; நாலும் ஒரே ஜூரியிடம் சனி ஞாயிறு வகுப்புக்குப் போகிறவர்களுக்கே. பொதுக்குழுவில் எழுந்து கேட்டேன். "திறமை ஒரே இடத்துல இருந்தா நாங்க என்னங்க பண்றது?" என்று பதில் வந்தது. 2 வருடம் திரும்பத் திரும்பக் கேட்டபிறகு விதி மாறியது: ஜூரி 3 பேரும் வெளி மாவட்டத்துக்காரர்களாக இருக்க வேண்டும், ஒருவரையே அடுத்தடுத்த வருடம் கூப்பிடக்கூடாது, கையெழுத்தின் மேல் பேப்பர் டேப் ஒட்ட வேண்டும், தன் மாணவர் படம் வந்தால் அந்த ஜூரி வாய் திறக்கக்கூடாது. டேப்பால் பெரிய பிரயோசனம் இல்லை, பழகின கண்ணுக்கு யார் கை என்று தெரியத்தான் செய்கிறது. வெளி மாவட்டம் என்பதுதான் வேலை செய்கிறது.

நீங்கள் இந்த விதிகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானதா? பதிவானது என்றால் வருடாவருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவு காட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். எங்களிடம் சந்தா வருடத்துக்கு 600 ரூபாய், படம் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் 150, விற்றால் சங்கத்துக்கு 20 சதவீதம். உங்கள் சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி தள்ளப்படுகிற படங்களின் நுழைவுக் கட்டணமாக மட்டும் இருந்தால், கண்காட்சி தவிர வருடம் முழுக்க வேறு ஒன்றுமே நடக்கவில்லை என்றால், தாராளமாக வெளியே வந்துவிடுங்கள். சந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்துக்குப் போய் நேரில் பார்த்து வரைகிற ஸ்பாட் பெயிண்டிங், ஒருவர் படத்தை மற்றவர்கள் பிய்த்துப் போடுகிற மாதக் கூட்டம், மொத்தமாக வாங்குவதால் மலிவாகக் கிடைக்கிற பேப்பர் எல்லாம் உண்டென்றால் 600 ரூபாய் ஒன்றும் அதிகமில்லை. கண்காட்சி அதில் 5 நாள் விவகாரம்.

கலைஞர்கள் கூடிச் சங்கம் வைப்பது எதற்கு என்று யோசிக்கும்போது எனக்குச் சென்னைப் பக்கத்துச் சோழமண்டலம் கலைஞர் கிராமம்தான் முன்னால் வந்து நிற்கும். 1944-இல் கே.சி.எஸ். பணிக்கர் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு எழும்பூர் கலைக் கல்லூரி முதல்வரானார். நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்கு எங்கெங்கோ வேலைக்குப் போய்ப் படம் வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்பது அவருக்குப் பெரிய கவலை. மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் அந்தக் கிராமத்தை அமைத்தார்கள். அப்போது அது வெறும் மணலும் சவுக்குமாகக் கிடந்த இடம். கைத்தொழில் ஒன்று சோறு போட்டது, ஓவியம் யாருக்கும் பயப்படாமல் நடந்தது. போய்ப் பார்த்ததில்லை என்றால் ஒரு நாள் போய் வாருங்கள், அருங்காட்சியகமும் உண்டு. எந்தச் சுவரில் யார் படம் என்ற கேள்வியைவிட, இந்த ஆள் அடுத்த வருடமும் வரைந்துகொண்டிருப்பாரா என்ற கேள்வி முக்கியமாக இருந்த சங்கம் அது. எங்கள் மண்டபச் சங்கத்தை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் நான் கடையை மூடாமல் 12 வருடமாக வரைகிறேன் என்றால் மாதக் கூட்டத்துக்குக் கையில் ஒன்றாவது கொண்டுபோக வேண்டுமே என்ற வெட்கம்தான் காரணம்.

பத்தாவது பாட்டியை வரைந்த அம்மையாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், ஜூரி ரகசியம் அது இது என்று பார்க்கவில்லை. சிரித்தார். "அப்ப அடுத்த தடவ தாத்தா வரையறேன்" என்றார். வரைந்தார், "உள்ளே" போனது.

தேர்வு நாளில் படம் தூக்க எல்லாச் சங்கத்திலும் ஆள் பற்றாக்குறைதான். நீங்களாகவே வருகிறேன் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கரி ஒட்டினாலும் பரவாயில்லை என்கிற சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள். எங்கள் பக்கம் காலை டிபன் உண்டு, பொங்கலும் வடையும்.