தடைக்காலத்தில் எஸ்.ஐ.பி-யை நிறுத்தி வைத்தால் தப்பா?

கேள்வி: பாம்பனில் ஒரு விசைப்படகில் எனக்குப் பங்கு இருக்கிறது. 2021 முதல் இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்ட்) மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை முதலீடு, கட்டுகிறேன். டெலிகிராம் டிப்ஸ், ஆப்ஷனில் (பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தின் மீதான ஒப்பந்த வியாபாரம்) சம்பாதித்த நண்பர், ‘புது ஃபண்டுக்கு மாறுங்கள்’ என்னும் ஏஜெண்ட் என்று நாலாபக்கமும் இழுக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கணக்கில் பணமில்லாமல் தவணையும் திரும்பிவிடுகிறது. மனம் அலையாமல் இருக்க என்ன வழி?

பதில்: மனதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த ஏஜெண்ட். ‘புது ஃபண்டில் ஒரு யூனிட் விலை வெறும் 10 ரூபாய்தான்’ என்று உங்களிடமும் சொல்லியிருப்பார். தொண்டி முதல் கீழக்கரை வரை இதே பேச்சைக் கேட்டு அலுத்துவிட்டேன். ஒரு கிலோ சீலா மீனை முழுதாக வாங்கினாலும் பத்துத் துண்டாக வாங்கினாலும் தராசில் ஒரு கிலோதானே? 10,000 ரூபாய்க்கு 10 ரூபாய் ஃபண்டில் 1,000 யூனிட் வரும், 100 ரூபாய் விலையுள்ள இன்னொன்றில் 100 யூனிட் வரும். இரண்டும் 10 சதவீதம் ஏறினால் கையில் இருப்பது அதே 11,000தான்.

ஆனால் மாறுவதற்குச் செலவு உண்டு. ஓராண்டுக்குள் விற்கும் யூனிட்டின் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். இண்டெக்ஸ் ஃபண்டில் பொதுவாகக் கமிஷன் குறைவு, அவருடைய அவசரம் அதற்குத்தான். ஏஜெண்ட் கமிஷனே இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதைத் தானாக எடுத்துச் சொன்ன ஏஜெண்டை நான் இன்னும் பார்க்கவில்லை. படிவம் முழுக்க ஆங்கிலம், எச்சரிக்கை வாசகத்தையோ மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்துவிடுகிறார்கள். கடலுக்குப் போகிறவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான கணக்கை பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பார்த்தபோது, எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். டீக்கடையில் லாபத்தைச் சொல்கிறவர் நஷ்டத்தை வீட்டில்கூடச் சொல்வதில்லை. டிப்ஸ் தருபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். பேச்சை மாற்றினால் அன்றே குழுவை விட்டு வெளியேறுங்கள்.

சந்தை இறங்கினாலும் தவணை ஓடட்டும். 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி என்ற சந்தைக் குறியீடு மார்ச்சில் 7,610-க்கு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

இதற்கு ஒரே விலக்கு உங்கள் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கிறது. அப்போது தவணையை நிறுத்தி வைப்பது ஒழுக்கக் குறைவு ஆகாது. மாதச் சம்பளக்காரருக்குச் சொல்கிற ‘ஒரு மாதமும் விடாதே’ உங்களுக்குப் பொருந்தாது. சொல்லாமல் விடுவதுதான் தப்பு. தவணை திரும்பும்போதெல்லாம் வங்கி அபராதம் பிடிக்கும். மே, ஜூன் தவணைகள் திரும்பி, படகு இறங்கிய பிறகு பங்கு பிரிக்க நாளாகி ஜூலையும் திரும்பினால் தொடர்ந்து மூன்று ஆகிவிடும். மாத எஸ்.ஐ.பி. அதோடு ரத்து. பெரும்பாலான ஃபண்டுகளில் தவணையைத் தற்காலிகமாக நிறுத்தும் ‘பாஸ்’ வசதி இருக்கிறது. தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். நிறுத்த மனமில்லையென்றால், மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் 9,000 ரூபாயைத் தவணை பிடிக்கும் கணக்கிலேயே ஒதுக்கி வையுங்கள்.

தயவுசெய்து நகையை அடகு வைத்துத் தவணை கட்டாதீர்கள். வியாபாரியிடம் முன்பணமும் வாங்காதீர்கள். வாங்கினால், ஜூன் 15-க்குப் பிறகு நீங்கள் கொண்டுவரும் இறாலுக்கு அவர் வைத்ததுதான் விலை.