கீபோர்ட் வாசித்தவர் இங்கிலாந்தில் ஆர்கனிஸ்ட் ஆகலாமா?

தம்பி, பாளையங்கோட்டையில் ஆராதனைக்குக் கீபோர்ட் வாசிக்கிறேன், பியானோவில் 8-ஆம் கிரேடு முடித்துவிட்டேன், படிக்க இங்கிலாந்து வருகிறேன், சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டே பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர், அரிசி பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் விசா. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. டியூஷன் எடுத்துக் காசு வாங்குவதும், கல்யாணத்துக்கு வாசித்துக் கவர் வாங்குவதும் அதில்தான் வரும். ‘யாரு பாக்கப் போறா’ என்று தைரியம் சொல்ல நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிக்கல் வந்தால் ஒருத்தரும் போனை எடுக்க மாட்டார்கள். சர்ச்சே சம்பளத்துக்குக் கூப்பிட்டாலும் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது கால். நம் ஊரில் சுருதியை ஏற்றச் சொன்னால் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு அதே சி மேஜரில் வாசித்துவிடுவோம். பைப் ஆர்கனில் பெரும்பாலும் அந்தப் பட்டன் கிடையாது. கைக்கு இரண்டு மூன்று வரிசைக் கட்டைகள், காலுக்கு 30 அல்லது 32. பேஸை, அதாவது அடிக்குரலை, காலிடம் கொடுத்துவிட்டு இடது கை அதற்கு மேலே வரும் டெனர் குரலை மட்டும் பிடிக்க வேண்டும். பியானோ பழகிய இடது கை சும்மா இருக்காது, பேஸைத் தேடிக் கீழே ஓடும். அதை அடக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. நான் பழகிய கோவிலில் வார நாட்களில் ஹீட்டர் போட மாட்டார்கள். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு மணிக்கணக்கில் பெடலை மிதித்துப் பழகினேன்.

அப்புறம் சபை பாடுவது. அவர்கள் குரல் உங்கள் காதுக்குத் தாமதமாகத்தான் வரும். நம் ஊரில் சபை இழுத்தால் கீபோர்டும் கூடவே இழுக்கும். இங்கே அப்படிக் காத்திருந்தால் நாலாவது சரணத்தில் பாட்டு நின்றே போகும். நீங்கள்தான் நடத்த வேண்டும். சரணங்களுக்கு நடுவே விடும் மூச்சு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிய ஒரு வயதான அம்மா ஆராதனை முடிந்ததும் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, எந்த வரியில் தனக்கு மூச்சு போதவில்லை என்று பென்சிலால் குறித்துக் கொடுப்பார். எந்த வாத்தியாரும் எனக்கு அவ்வளவு சொல்லித் தரவில்லை.

காசு விஷயம். ஒரு சபையில் ‘ஊழியம்தானே’ என்று என்னை மாதக்கணக்கில் சும்மா வாசிக்க வைத்தார்கள். நான் போகாத ஞாயிறுகளில் வந்த ஆளுக்கு மட்டும் காசு கொடுத்தார்கள். நம் தமிழ்ச் சபைகளும் லேசுப்பட்டவை அல்ல. சவுண்ட் சிஸ்டம்காரருக்குப் பணம் உண்டு, வாசிக்கிறவருக்குப் பிரியாணிப் பொட்டலம். விசா மாறிக் காசு வாங்கலாம் என்று ஆனதும், ஆராதனைக்கு எவ்வளவு, கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கல்யாணத்தை வீடியோ எடுத்தால் ஆர்கனிஸ்ட் கூடுதலாகக் கேட்பது இங்கே வழக்கம்தான். கூச்சப்படாதீர்கள்.

உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாடும் பழக்கம். இங்கே சின்னச் சபைகளில் டெனர் கிடைப்பது குதிரைக்கொம்பு. நானும் டெனராகத்தான் கொயருக்குள் (பாடகர் குழுவுக்குள்) போனேன். பழைய ஆர்கனிஸ்ட் முதுகுவலியால் ஓய்வு பெற்றபோது சாவி என் கைக்கு வந்தது. இன்று அந்தக் கொயரை நடத்துகிறேன். ஆங்கிலிக்கன் சாண்ட் என்று இங்கே சங்கீதம் பாடும் ஒரு முறை உண்டு. அதில், பத்தே ஸ்வரத்துக்குள் பைபிளின் எவ்வளவு நீளமான சங்கீத வசனத்தையும் அடக்கி, பேசுகிற வேகத்தில் பாடுகிறார்கள். என் பேஸ் வரிசையில் இரண்டு பேர் நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்காரர்கள்.