கதை சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் ஏன் அழுகிறது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் வாய் ஓயாமல் கதை சொல்கிறான். எழுதச் சொன்னால் மட்டும் வயிறு வலி என்கிறானே?

சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வயதில் எழுதுவது ஒரே நேரத்தில் பல வேலை. அடுத்த வாக்கியத்தை யோசிக்க வேண்டும், எழுத்து கோட்டுக்குள் நிற்க வேண்டும், விரல் வலியையும் பொறுக்க வேண்டும். 'பள்ளிக்கூடம்' என்று எழுத வந்து, ல-வா ள-வா என்று நின்று யோசிப்பதற்குள் சொல்ல வந்த கதை மறந்துவிடும். கை தானாக எழுதப் பழகும்வரை இந்தத் திண்டாட்டம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, நம் வகுப்பறைகளில் எழுத்து என்றால் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான். தப்பு வந்தால் 'பத்துத் தடவை எழுது' என்று இம்போசிஷன் வேறு. தண்டனையாகக் கொடுப்பதை எந்தப் பிள்ளை விரும்பும்? தமிழ்நாட்டில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல் என்று சின்ன வகுப்புகளைக் கலகலப்பாக்கப் பார்த்தது. நல்ல விஷயம்தான். ஆனாலும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் சொந்தமாக நாலு வரி எழுதுவதும் ஒன்றல்ல.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் படம் வரையட்டும். அவன் சொல்லச் சொல்ல இரண்டு வரி நீங்கள் எழுதுங்கள், மூன்றாவது வரி அவனுடையது. பிழையை அப்போதே திருத்தாமல், 'அப்புறம் அந்த நாய் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். பலகையைப் பார்த்து எழுதவே தடுமாறுகிறான் என்றால் ஒருமுறை கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள்.