லைப்ரரி இருக்கிறது, பில்டுக்கு மட்டும் தெரியவில்லை: கேள்வி பதில்

கேள்வி: உபுண்டுவில் இசட்லிப் (தரவைச் சுருக்கும் லைப்ரரி) ஏற்கெனவே இருப்பதாக, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் சொல்கிறது. கம்பைல் செய்தால் 'இசட்லிப்.ஹெச் இல்லை' என்று நின்றுவிடுகிறது. யார் சொல்வது உண்மை?

பதில்: இரண்டுமே உண்மை. உங்களிடம் இருப்பது 'இசட்லிப்1ஜி' பேக்கேஜ். ஏற்கெனவே பில்ட் ஆன ப்ரோக்ராம்கள் ஓடுவதற்கான 'லிப்இசட்.எஸ்ஓ.1' அதில் இருக்கும். கம்பைலர் கேட்பது ஹெடரை, அதாவது லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் 'இசட்லிப்.ஹெச்' ஃபைலை. கம்பைல் ஆனதை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் தேடுவது, கடைசியில் எண் இல்லாத 'லிப்இசட்.எஸ்ஓ'வை. இவை இரண்டும் 'இசட்லிப்1ஜி-டெவ்' பேக்கேஜில்தான் வரும். டெபியன், உபுண்டுவில் பெயர் 'டெவ்' என்று முடியும், ஃபெடோராவில் 'டெவல்' என்று.

கேள்வி: பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) வெர்ஷனைத் தூக்கிவிட்டு, 3-ஆம் வெர்ஷனை என் ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவினேன். பில்டை அமைத்துத் தரும் சிமேக் இன்னும் பழைய பாதையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

பதில்: பில்ட் ஃபோல்டரில் 'சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்து 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்று தேடுங்கள். 'ஓப்பன்எஸ்எஸ்எல்_கிரிப்டோ_லைப்ரரி' என்று ஒரு வரி, அதற்கு எதிரே நீங்கள் தூக்கிப்போட்ட அந்தப் பழைய பாதை. அதுதான் வில்லன். இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது உண்டு. தேடிக் கிடைக்காத லைப்ரரியை சிமேக் அடுத்த முறை மறுபடியும் தேடும். ஒருமுறை கிடைத்துவிட்டால்தான் சிக்கல், அந்தப் பாதையை எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தேடவே தேடாது.

அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சிமேக் 3.24 முதல் '--ஃப்ரெஷ்' கொடுத்தால் அதுவே அழித்துக்கொள்ளும். கூடவே 'ஓப்பன்எஸ்எஸ்எல்_ரூட்_டிர்' என்ற மாறியில் புது இடத்தைச் சொல்லுங்கள். மற்ற லைப்ரரிகளுக்கு 'சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத்'. எதுவானாலும் 'லிப்', 'இன்க்ளூட்' ஃபோல்டர்களுக்கு ஒரு படி மேலே இருக்கும் ஃபோல்டரைக் கொடுங்கள். நான் ஒருமுறை 'லிப்' வரை முழுப் பாதையும் கொடுத்துவிட்டு, ஒரு மாலை முழுக்க சிமேக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது 'லிப்' ஃபோல்டருக்குள் இன்னொரு 'லிப்'பைத் தேடிக்கொண்டிருந்தது. 3.17 முதல் இருக்கும் '--டீபக்-ஃபைண்ட்' எங்கெங்கே தேடியது என்று வரி வரியாகக் கொட்டும். அதை அன்றைக்கே ஓட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கேள்வி: சோர்ஸிலிருந்து நானே பில்ட் செய்து 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தேன். லைப்ரரி எங்கே இருக்கிறது என்று பில்டுக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

பதில்: பிகேஜி-கான்ஃபிக் லைப்ரரியைத் தேடுவதே இல்லை. '.பிசி' என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைத்தான் தேடும். உங்களுடையது '/யூஎஸ்ஆர்/லோக்கல்' அடியில் 'லிப்/பிகேஜிகான்ஃபிக்' அல்லது 'லிப்64/பிகேஜிகான்ஃபிக்' ஃபோல்டரில் இருக்கலாம். கண்டுபிடித்து, அந்த ஃபோல்டரை 'பிகேஜி_கான்ஃபிக்_பாத்' என்ற சூழல் மாறியில் சேருங்கள். பெயரையும் சரிபாருங்கள்: கர்ல் அதற்கு 'லிப்கர்ல்', ஆனால் இசட்லிப் வெறும் 'இசட்லிப்'தான். '--லிஸ்ட்-ஆல்' போட்டால் அதற்குத் தெரிந்த எல்லாப் பெயரும் வரும். இன்னொன்று, பிழைச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். உங்கள் லைப்ரரி கிடைத்து, அது சார்ந்திருக்கும் வேறொன்று கிடைக்காமலும் இருக்கலாம்.

கேள்வி: பில்ட் சுத்தமாக முடிந்தது. ஓட்டினால் 'எஸ்ஓ ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்கிறது.

பதில்: இதில் பில்ட் சிஸ்டம் மேல் குற்றமில்லை, புகார், ப்ரோக்ராம் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடருடையது. 'எல்டிடி' ஓட்டி எது கிடைக்கவில்லை என்று பாருங்கள். '/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்' ஃபோல்டரில் புதிதாக நிறுவியது என்றால், ரூட்டாக 'எல்டிகான்ஃபிக்' ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எங்கே தேட வேண்டும் என்று லோடருக்குச் சொல்லும் 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறி, சோதித்துப் பார்க்க மட்டும். அதை நிரந்தரமாக '.பாஷ்ஆர்சி'யில் எழுதிவைப்பது எனக்குப் பிடிக்காது, சம்பந்தமே இல்லாத ப்ரோக்ராம்களையும் குழப்பும்.

கேள்வி: இன்டெல் மேக்கில் ஓடிய அதே மேக்ஃபைல் எம்1-இல் ஹெடர் இல்லை என்கிறது. மேக்கில் பேக்கேஜ்களை நிறுவும் ஹோம்ப்ரூவில் லைப்ரரி இருக்கிறது.

பதில்: இன்டெல்லில் ஹோம்ப்ரூவின் இடம் '/யூஎஸ்ஆர்/லோக்கல்', எம்1 முதல் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ'. மேக்கின் கம்பைலரான கிளாங் தானாக அங்கே போய்ப் பார்க்காது. மேக்ஃபைலில் பாதையை நேரடியாக எழுதாமல் 'ப்ரூ --ப்ரிஃபிக்ஸ்' தருவதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஜிசிசி கம்பைலர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்கிறது. இசட்லிப்பை இணைக்கச் சொல்லும் '-எல்இசட்' கொடுத்திருக்கிறேனே?

பதில்: வரிசையில் முன்னால் கொடுத்திருப்பீர்கள். கம்பைல் ஆகி வந்த உங்கள் '.ஓ' ஃபைல்களுக்குப் பின்னால் போடுங்கள்.

கேள்வி: மேலே சொன்ன எல்லாம் செய்தாகிவிட்டது. 'டெவ்' பேக்கேஜும் இருக்கிறது, '.பிசி' ஃபைலும் கண்ணெதிரே இருக்கிறது. பிகேஜி-கான்ஃபிக் இல்லை என்றே சாதிக்கிறது.

பதில்: டெர்மினலில் ப்ராம்ப்ட்டுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'பேஸ்' என்று இருக்கிறதா? இருந்தால் கோண்டா (பேக்கேஜ்களைத் தனிச் சூழலில் வைத்து நிர்வகிக்கும் கருவி) செயலில் இருக்கிறது. 'விச் பிகேஜி-கான்ஃபிக்' அடித்துப் பாருங்கள். கோண்டாவின் பாதை வந்தால், ஓடுவது அதனுடைய சொந்த பிகேஜி-கான்ஃபிக். சிஸ்டம் ஃபோல்டர் பக்கம் அது எட்டியும் பார்க்காது. 'கோண்டா டீஆக்டிவேட்' கொடுத்து, பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு, முதலிலிருந்து ஓட்டுங்கள்.