குடியாத்தமும் விருதுநகரும்

வணக்கம் ஐயா,

காமராஜர் போட்டியிட்ட தேர்தல்களைப் பற்றிக் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1967இல் விருதுநகரில் தோற்றவர் 1969இல் நாகர்கோவிலுக்குப் போனது ஏன்? சொந்த ஊர் மீது மனக்கசப்பா? பள்ளிக்கூடம் திறந்தவரை, சோறு போட்டவரை, பெயர் தெரியாத ஒரு மாணவனை விட்டுத் தோற்கடித்தார்கள். இப்படி நன்றி கெட்ட ஜனங்களை நினைத்தால் தேர்தல் மேலேயே வெறுப்பு வருகிறது. உங்களுக்கும் அதே ஊர்தானே, வெட்கமாக இல்லையா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

1968இல் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி காலமானார். அந்த மக்களவைத் தொகுதி காலியானது. 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார், ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இடம் எங்கே காலியானதோ அங்கேதான் இடைத்தேர்தல் நடக்கும். மனக்கசப்பு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்.

வெட்கமா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். போன மாதம் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து காமராஜர் படம் ஒன்று இறங்கியது. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து மண்ணாகியிருந்தது. அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியவள் என் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள். 1967இல் அவருக்கு எதிராக உதயசூரியனில் குத்தியவளும் அவள்தான். அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது உங்கள் கடிதம் வந்தது.

அந்த வருடங்களில் அரிசி கிடைக்கவில்லை. கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆச்சி ரேஷன் வரிசையில் நிற்பாளாம். பாதி நாள் நின்ற பிறகு அரிசி தீர்ந்துவிட்டது என்று பலகையைச் சாத்துவார்களாம். காலிப் பையோடு வீட்டுக்கு வந்து, பையை உதறி அதில் ஒட்டியிருந்த பத்துப் பருக்கையைப் பொறுக்குவாள் என்று அம்மா சொல்வார். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னபோது அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? இதோடு 1965 வேறு. இந்தி எதிர்ப்பில் பிள்ளைகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அப்போது முதலமைச்சர் பக்தவத்சலம், காமராஜர் அல்ல. ஆனால் காமராஜர்தான் கட்சியின் அகில இந்தியத் தலைவர், அவர் முகம்தான் எங்கள் ஊருக்குத் தெரிந்த முகம். ஆச்சியின் கோபம் வேறு எங்கே போகும்?

விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார், அதனால் தோற்றார் என்பார்கள். சாதிக் கணக்கு சொல்வார்கள். சரி, இருக்கட்டும். அந்த வருடம் காங்கிரசுக்கு எதிராக அலையே அப்படி. காங்கிரசின் பெரிய தலைவர்களே, பம்பாயில் எஸ்.கே. பாட்டீல் தோற்றார், வங்கத்தில் அதுல்ய கோஷ் தோற்றார், இங்கே பக்தவத்சலமும் தோற்றார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எனக்குப் பொறுக்காதது 'நன்றி கெட்ட' என்ற சொல். தம்பி, மதிய உணவைக் கடனாகவா போட்டார்கள்? என் அம்மா பத்து வயதில் பள்ளியில் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர். அது சர்க்கார் பணம், அதில் ஊரார் பங்கும் இருந்தது. சாப்பிட்டவள் வீட்டு ஓட்டு தனக்குத்தான் என்று காமராஜர் எந்த மேடையிலாவது கணக்குச் சொன்னாரா? அவர் சொல்லாததை அவர் பெயரில் நீங்கள் வசூலிக்கக் கிளம்பினால் எப்படி?

குடியாத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையில் அதற்கு இரண்டு வரிதான் ஒதுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1954 ஏப்ரலில் முதல்வரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயித்து மக்களவைக்குப் போயிருந்தார். ஆறு மாதத்துக்குள் இங்கே ஓர் இடம் பிடிக்க வேண்டும். அவருக்கு முன்னால் இருந்த ராஜாஜி, சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராகி முதல்வரானவர். தேர்தல் இல்லை, மேடை இல்லை, வெயில் இல்லை. அந்தக் கதவு காமராஜருக்கும் திறந்துதான் இருந்தது. அவர் வட ஆற்காட்டுக் குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார். சொந்த ஊருமில்லை, சொந்தபந்தமும் இல்லை. பெரியார் ஆதரித்தார், தி.மு.க.வும் ஆதரித்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்து நின்றார்கள். ஜெயித்தார். ஜனங்களிடம் கேட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன் என்று போன மனுஷன் அவர். குடியாத்தத்தில் ஜனங்கள் 'ஆமாம்' என்று சொன்னபோது அது ஜனநாயகம், பதிமூன்று வருடம் கழித்து விருதுநகரில் 'வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் நன்றிகெட்டத்தனமா? கேட்டவருக்கே இல்லாத கோபம் உங்களுக்கு எதற்கு?

பதவி விஷயத்தில் அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1941இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்ததும் ராஜினாமா செய்தார். 1963இல் முதல்வர் நாற்காலியையே விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். தோல்விக்கும் பிறகு 1971இல் நாகர்கோவிலில் மறுபடி நின்றார். தமிழ்நாட்டில் அவருடைய ஸ்தாபன காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அதுதான்.

1975 அக்டோபர் 2 அன்று எனக்கு ஒன்பது வயது. காமராஜர் இறந்த செய்தி வந்ததும் ஆச்சி அடுப்பு மூட்டவில்லை. படத்துக்குக் கீழே, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரோ, "ஓட்டு மட்டும் அந்தாளுக்குப் போடல, இப்ப எதுக்கு அழுத?" என்று கேட்டுவிட்டார்கள். ஆச்சி எழுந்து வந்தாள். "அரிசி இல்லன்னு போட்ட ஓட்டு அது. அவரு நல்லவர் இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்?" அப்புறம் சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை. அவளைத்தான் நன்றி கெட்டவள் என்கிறீர்கள்.

உங்களுக்கு இருபது வயது இருக்கும். காமராஜர் மேல் இந்த வயதில் இத்தனை பிரியம் இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பிரியத்தோடு கட்டுரையை எழுதுங்கள். 1957, 1962 சாத்தூர் வெற்றிகளை விட்டுவிடாதீர்கள். விருதுநகர் வரும் இடத்தில் வித்தியாசம் 1,285 வாக்குகள் என்று எழுதுங்கள். ஜெயித்தவரை 'பெயர் தெரியாத மாணவன்' என்று எழுதாதீர்கள். அவர் பெயர் பெ. சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்தவர். பெயரை முன்னெழுத்தோடு எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.